10 அடிக்கு 6 அடி குளத்தில் உண்மையில் எத்தனை லிட்டர் நிற்கும்?

கேட்டவரின் கணக்கு இது. வீட்டின் பின்பக்கத்தில் முட்டை வடிவத்தில் ஒரு மீன் குளம். நீளம் 10 அடி, அகலம் 6 அடி, ஆழம் 3 அடி. கரை சரிந்து இறங்குவதால் அடித்தளம் 7 அடிக்கு 3 அடி மட்டுமே இருக்கும். மேல் அளவு மூன்றையும் பெருக்கி 180 கன அடி என்றும், ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் ஏறக்குறைய 5,100 லிட்டர் என்றும் முடிவு செய்திருக்கிறார். ஒரு கோய் மீனுக்கு (பெரிதாக வளரும் வண்ணக் கெண்டை) 500 லிட்டர் போதும் என்று எடுத்துக்கொண்டு, பத்து கோய் விடலாமா என்று கேட்கிறார்.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் குழியில் நிற்கப் போகிற தண்ணீர் 2,050 லிட்டர் அளவுதான். கோய் பத்து வேண்டாம், ஒன்றுகூட வேண்டாம். தங்கமீன் என்றால் ஐந்தாறு விடலாம், நல்ல ஃபில்டர் இருந்தால் பத்து வரை போகலாம். கோய்தான் வேண்டுமென்றால் அதே இடத்தில் வேறு மாதிரி தோண்ட வேண்டும். அது எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

சரி, 5,100 எங்கே போய் 2,050 ஆனது?

முதலில் மூலைகள் போகின்றன. நீளத்தை அகலத்தால் பெருக்கினால் கிடைப்பது செவ்வகத்தின் பரப்பு. முட்டை வடிவத்துக்கு மூலை கிடையாது. நீள்வட்டத்துக்கு நீளம் × அகலம் × 0.785 என்று போட வேண்டும் (3.14-இல் கால் பங்குதான் இந்த 0.785, வட்டக் குளத்துக்கும் இதே எண்தான், விட்டத்தை விட்டத்தால் பெருக்கி இதனால் பெருக்கினால் போதும்). 10 × 6 × 0.785 = 47.1 சதுர அடி. ஆழம் 3 அடி என்றால் 141 கன அடி, அதாவது 4,000 லிட்டர். மூலையில் மட்டும் 1,100 லிட்டர் போய்விட்டது.

அடுத்தது சரிவு. பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இங்கேதான், ஏனென்றால் மேலே நின்று பார்க்கிற கண்ணுக்கு அடி சிறுத்திருப்பது தெரியாது. மேல்பரப்பையும் அடிப்பரப்பையும் கூட்டி இரண்டால் வகுப்பது ஓரளவுக்குச் சரியாக வரும். ஆனால் இன்னும் துல்லியமான ஒரு வழி இருக்கிறது, அதில் பெரிய சிரமமும் இல்லை: மேல்பரப்பு, நடுப்பரப்பைப் போல் நான்கு மடங்கு, அடிப்பரப்பு, இந்த மூன்றையும் கூட்டி ஆறால் வகுக்க வேண்டும். மண் வேலையில் குழியின் கொள்ளளவு கணக்கிடப் பயன்படும் பழைய சூத்திரம்தான் இது. நம் குளத்தில் மேல்பரப்பு 47.1. அடி 7 × 3 × 0.785 = 16.5. பாதி ஆழத்தில் நீளம் 8.5 அடியும் அகலம் 4.5 அடியும் இருக்கும், ஆகவே நடுப்பரப்பு 30. அதன் நான்கு மடங்கு 120. எல்லாம் சேர்த்து 183.6, ஆறால் வகுத்தால் 30.6 சதுர அடி. 3 அடி ஆழத்துக்கு 92 கன அடி, அதாவது 2,600 லிட்டர்.

மூன்றாவது, எந்தக் குளத்திலும் தண்ணீர் விளிம்பு தட்ட நிற்பதில்லை. மழை பெய்தால் வழிந்து மீனும் வெளியே போகாமல் இருக்க நாலு அங்குலமாவது கீழே நிறுத்துவோம். குளத்தின் மிக அகலமான பகுதி அந்த மேல் நாலு அங்குலம்தான், அதனால் இழப்பு நினைப்பதைவிடப் பெரிது: சராசரியாக 45 சதுர அடி, மூன்றில் ஒரு அடி உயரம், 15 கன அடி. 425 லிட்டர் போய் மீதி 2,175.

இதோடு ஒரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். விளிம்பு ஒரே மட்டமாக இல்லாவிட்டால் தண்ணீர் எங்கே தாழ்வோ அங்கேதான் நிற்கும். 10 அடி நீளத்தில் இரண்டு அங்குல வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் குளத்தில் தண்ணீர் நிறைந்தபின் அசிங்கமாகத் தெரியும். குழி தோண்டுமுன்பே நீளமான பலகை ஒன்றைக் குறுக்கே வைத்து ரசமட்டம் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் கொத்தனார்கள் செய்வதுபோல் தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பிடியுங்கள்.

கடைசியாகக் கல்லும் தொட்டியும். அடியில் இரண்டு அங்குலத்துக்குக் கூழாங்கல் பரப்பினால் அந்த இடத்தில் பாதிக்கு மேல் கல்லே அடைத்துக்கொள்ளும், இடுக்குகளில் மட்டும்தான் தண்ணீர் இருக்கும். அது ஒரு 45, 50 லிட்டர். அல்லிச் செடி வைத்த தொட்டிகள் நாலு, ஒவ்வொன்றும் 15 லிட்டர் அளவு என்றால் இன்னொரு 60. இரண்டையும் கழித்தால் 2,065 வரும், 2,050 என்று வைத்துக்கொள்வோம். குளத்தின் உள்ளே செடி வைப்பதற்கென்று ஒரு படிக்கட்டு விளிம்பு விட்டால் இன்னும் குறையும். பெரிய பாறைகளை அடுக்கி அருவி அமைப்பவர்கள் அந்தப் பாறைகள் எவ்வளவு தண்ணீரைத் தள்ளும் என்று யோசிப்பதே இல்லை.

வேறு வடிவங்களுக்கு வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எல் எழுத்து மாதிரி இருந்தால் இரண்டு செவ்வகமாகப் பிரித்துத் தனித்தனியாகப் போட்டுக் கூட்டுங்கள். அவரை விதை போல் வளைந்த குளத்துக்கு இரண்டு பக்கத்திலும் உள்ள அதிகபட்ச அகலங்களைக் கூட்டி, நீளத்தால் பெருக்கி, 0.45-ஆல் பெருக்கினால் பரப்பு ஓரளவு சரியாக வரும். கிண்ணம் போலக் குழிந்திருந்தால் மேல்பரப்பை ஆழத்தால் பெருக்கி அதில் பாதி. எந்த வடிவத்திலும் சேராத, மனம்போன போக்கில் வளைந்த குளமாக இருந்தால், நீளவாக்கில் நடுவே ஒரு கயிறு கட்டி, அதன் முதல் அடியின் நடுவில், இரண்டாவது அடியின் நடுவில் என்று ஓர் அடிக்கு ஓர் இடத்தில் குறுக்கே அகலத்தை அளந்துகொண்டே போங்கள். எல்லா அகலங்களையும் அடியில் கூட்டினால் அதுவே சதுர அடி. எனக்குச் சூத்திரங்களைவிட இந்தக் கயிறுதான் பிடிக்கும், ஏனென்றால் கயிற்றுக்கு எந்த வளைவும் ஒன்றுதான்.

ஆனால் நான் சொன்ன கணக்கு எல்லாமே தோண்டுவதற்கு முன்னால் காகிதத்தில் போடுவதற்கு. மண்வெட்டி இறங்கியபின் குழி காகிதத்தில் வரைந்தபடி வருவதில்லை. அதனால் குளத்தை முதன்முதலில் நிரப்பும்போது தண்ணீரையே அளந்துவிட வேண்டும். அந்த வாய்ப்பு ஒரே முறைதான் கிடைக்கும். மீன் விட்டபின் மறுபடி காலி செய்து நிரப்ப யாருக்கும் மனம் வராது.

வீட்டுக் குழாயில் மீட்டர் இருந்தால் வேலை சுலபம். நிரப்புமுன் ஒருமுறை, நிரப்பியபின் ஒருமுறை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் வீட்டில் வேறு குழாய் திறக்கக் கூடாது. மீட்டர் இல்லையென்றால் வாளியும் கைக்கடிகாரமும் போதும். 15 லிட்டர் வாளி 50 வினாடியில் நிறைகிறது என்றால் நிமிடத்துக்கு 18 லிட்டர். குளம் நிறைய 1 மணி 54 நிமிடம் ஆனால் 114 × 18 = 2,052 லிட்டர். குழாயின் அழுத்தம் இடையில் மாறும் என்பதால், தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் மூன்று முறை வாளி வைத்துப் பார்த்துச் சராசரி எடுங்கள். நிறைந்ததும் அந்த மட்டத்தைக் கரையில் அழியாத பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். லிட்டர் எண்ணிக்கை என்பது அந்தக் கோட்டுக்குத்தான் பொருந்தும்.

ஏற்கெனவே நிறைந்திருக்கும் குளத்தை அளக்க உப்பு வழி இருக்கிறது. ஆயிரம் லிட்டரில் ஒரு கிலோ உப்பு கரைந்தால் லிட்டருக்கு ஒரு கிராம் கூடும். இதைத் தலைகீழாகப் போட்டால், தெரிந்த அளவு உப்பைப் போட்டு எவ்வளவு கூடியது என்று பார்த்தால், தெரியாத தண்ணீரின் அளவு கிடைத்துவிடும். குடிநீரைச் சோதிக்கும் டிடிஎஸ் மீட்டரே இதற்குப் போதும். ஆனால் அந்த மீட்டர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கணக்கில் எண் காட்டும், ஆகவே முதலில் அதைப் பழக்க வேண்டும். குளத்துத் தண்ணீர் 10 லிட்டரை வாளியில் எடுத்து, சரியாக 10 கிராம் உப்பைக் கரைத்து, மீட்டர் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். 1,040 ஏறியது என்று வையுங்கள். இப்போது 2 கிலோ உப்பை நன்றாகக் கரைத்துக் குளத்தின் நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, பம்பை ஒரு நாள் ஓட விட்டபின் மறுபடி பார்க்கிறீர்கள். முன்பு இருந்ததைவிட 990 கூடியிருக்கிறது. அப்படியானால் லிட்டருக்கு 990 ÷ 1,040 = 0.952 கிராம் உப்பு கலந்திருக்கிறது. 2,000 கிராமை 0.952-ஆல் வகுத்தால் 2,100 லிட்டர். எதுவும் கலக்காத சாதாரணக் கல்லுப்பாக இருக்கட்டும், மழை வராத நாளாகப் பாருங்கள். லிட்டருக்கு ஒரு கிராமைத் தங்கமீனும் கோயும் கண்டுகொள்ளாது, மிதக்கும் செடிகளில் சில வாடலாம். உப்பு ஆவியாகிப் போகாது, தண்ணீர் மாற்றும்போதுதான் குறையும் என்பதால் இதை மாதம் ஒருமுறை விளையாட்டாகச் செய்யாதீர்கள்.

இன்னொரு எளிய வித்தை பரப்பைக் கண்டுபிடிக்க. 15 லிட்டர் வாளியால் பத்து வாளி தண்ணீரை வெளியே எடுங்கள். மட்டம் மூன்றே முக்கால் சென்டிமீட்டர் இறங்கினால், ஒரு சென்டிமீட்டருக்கு 40 லிட்டர் என்று பொருள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் சரியாக ஒரு லிட்டர், ஆகவே நீர்ப்பரப்பு 4 சதுர மீட்டர், அதாவது 43 சதுர அடி. எவ்வளவு கோணலான குளமாக இருந்தாலும் இது பொய் சொல்லாது. இந்த '40 லிட்டர்' அப்புறமும் உதவும்: வெயில் காலத்தில் தினம் 6 மில்லிமீட்டர் இறங்கினால் அது 24 லிட்டர், ஆவியாதல்தான். தினம் மூன்று சென்டிமீட்டர் இறங்கினால் எங்கோ ஓட்டை.

இவ்வளவு தூரம் லிட்டருக்காக ஏன் மல்லுக்கட்டுகிறேன் என்றால், என் முதல் குளத்தில் நானும் நீள அகல ஆழத்தைப் பெருக்கிவிட்டு 3,000 லிட்டர் என்று நம்பிக்கொண்டிருந்தேன். மீன்களின் மேல் ஒட்டுண்ணி வந்தது. பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஆயிரம் லிட்டருக்கு 2 கிராம் வீதம் 6 கிராம் போட்டேன். உண்மையில் அங்கே இருந்தது 1,700 லிட்டர். லிட்டருக்கு 2 மில்லிகிராம் விழ வேண்டிய இடத்தில் மூன்றரை விழுந்தது. கலங்கல் இல்லாத தெளிந்த தண்ணீர் வேறு, மருந்து செலவழிய அழுக்கே இல்லை. சாயங்காலத்துக்குள் இரண்டு மீன் போய்விட்டன. மருந்தைக் குறை சொல்ல வழியில்லை, தப்பு என் பெருக்கலில் இருந்தது. மீன் எண்ணிக்கையில் அதிகமாக மதிப்பிட்டால் கெடுதல் மெதுவாகத் தெரியும், மருந்தில் அன்றைக்கே தெரியும். அதனால் சந்தேகம் வந்தால் குறைந்த எண்ணையே பிடித்துக்கொள்ளுங்கள். குளோரின் நீக்கும் மருந்து மட்டும் விதிவிலக்கு. அது கொஞ்சம் கூடினால் பெரும்பாலும் ஆபத்தில்லை, குறைந்தால்தான் ஆபத்து.

கேலன் கணக்கில் எழுதியிருக்கும் மருந்துப் புட்டியையும் மீன் புத்தகத்தையும் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் படியுங்கள். அமெரிக்க கேலன் 3.79 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.55 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம்.

சரி, 2,050 லிட்டர் கைக்கு வந்துவிட்டது. இதை மீன் எண்ணிக்கையால் நேராக வகுத்துவிடலாமா? முடியாது. லிட்டர் என்பது அழுக்கு எவ்வளவு நீர்த்துப்போகும் என்பதற்கான எண். மீன் மூச்சு விடுவதற்கான எண் வேறு: அது மேல்பரப்பு.

தண்ணீருக்குள் ஆக்சிஜன் வரும் முக்கியமான வாசல் மேல்பரப்புதான். 20 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் லிட்டருக்கு அதிகபட்சம் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும், 30 டிகிரியில் ஏழரைதான். வெயில் ஏற ஏற மீனுக்குத் தேவை கூடும், இருப்போ குறையும். நம் குளத்தில் 30 டிகிரியில் மொத்தமே 15 கிராம் ஆக்சிஜன். பகலில் பாசியும் செடியும் ஆக்சிஜன் தரும், இராத்திரியில் அவையே அதை இழுத்துக்கொள்ளும். பச்சைப் பசேலென்று இருக்கும் குளத்தில் மீன் இழுப்பதைவிடப் பாசியும் அடிச் சேறும் இழுப்பது அதிகம். விடியுமுன் இருப்பு மிகக் குறைந்திருக்கும். நேற்று சாயங்காலம் வரை நன்றாக இருந்த மீன்கள் காலையில் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றால் காரணம் இதுதான். நீரூற்றை அழகுக்கு என்று நினைத்துப் பகலில் ஓடவிட்டு, படுக்கப் போகும்போது நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் பகலில் நிறுத்துங்கள், இரவில் ஓடட்டும்.

ஃபில்டரோ காற்றுப் பம்போ இல்லாத குளத்துக்கு ஒரு சதுர அடி நீர்ப்பரப்புக்கு ஓர் அங்குல மீன் என்பது பழைய கணக்கு. நமக்கு 43 சதுர அடி. வளர்ந்த தங்கமீன் 8 அங்குலம் என்றால் ஐந்து மீன். ஆழமான, ஆனால் வாய் குறுகிய கிணறு மாதிரிக் குளத்தில் லிட்டர் நிறைய இருந்தும் மீன் குறைவாகத்தான் விட முடியும் என்பதற்குக் காரணம் இந்தப் பரப்புக் கணக்குதான்.

ஆனால் இந்த அங்குலக் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. மீனின் நீளம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். 10 சென்டிமீட்டர் குட்டி ஆறும், 60 சென்டிமீட்டர் கோய் ஒன்றும் அங்குலக் கணக்கில் சமம். எடையில் அந்த ஒன்று அந்த ஆறைப் போல் 36 மடங்கு. தின்பதும் கழிவதும் எடையைப் பொறுத்தவை. கண்ணாடித் தொட்டியில் விரல் நீளத்தில் நீந்தும் கோயைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் அது சில வருடத்தில் 60 சென்டிமீட்டரைத் தொட்டு 3 கிலோவைத் தாண்டும் என்பதை யோசிப்பதில்லை. எண்ணிக்கையை எப்போதும் வளர்ந்த அளவை வைத்துப் போடுங்கள். இப்போது குளம் காலியாகத் தெரியும், தெரியட்டும்.

அழுக்குக் கணக்கு இதைவிடச் சுவாரசியமானது. மீன் உணவு 100 கிராமுக்குச் சுமார் 3 கிராம் அம்மோனியா தண்ணீரில் சேரும். 150 கிராம் எடையுள்ள தங்கமீன் பத்து என்றால் ஒன்றரைக் கிலோ மீன். உடல் எடையில் நூற்றில் ஒரு பங்கு தீனி போட்டால் நாளுக்கு 15 கிராம். அதில் வரும் அம்மோனியா 0.45 கிராம். 2,050 லிட்டரில் அது லிட்டருக்கு 0.22 மில்லிகிராம். ஒரு வாரத்தில், அதைத் தின்ன பாக்டீரியா இன்னும் வளராத புதுக் குளத்தில், ஒன்றரை மில்லிகிராம் ஆகிவிடும். இதில் எல்லாமே நஞ்சு இல்லை. 25 டிகிரியில், பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இருக்காது. பிஎச் 8-இல் ஐந்து பங்கு. 9-இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். பாசி நிறைந்த குளத்தில் பிற்பகல் வெயிலில் பிஎச் 9-ஐத் தொடுவது சாதாரணம். பிஎச் 8 என்றே வைத்தாலும் நஞ்சு வடிவம் லிட்டருக்கு 0.08 மில்லிகிராம் வருகிறது, 0.05-ஐத் தாண்டினாலே செவுள் கெடத் தொடங்கும். 5,100 லிட்டர் உண்மையாகவே இருந்திருந்தால் இது 0.03-இல் நின்றிருக்கும். காகிதத்தில் இருந்த மூவாயிரம் லிட்டரின் மதிப்பு இதுதான்.

ஆகவே புதுக் குளத்தில் முதலில் இரண்டு மூன்று மீன் மட்டும் விட்டு, தீனியைக் கொஞ்சமாகப் போட்டு, நாலு முதல் ஆறு வாரம் பொறுங்கள். ஃபில்டரில் பாக்டீரியா பிடித்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் (அம்மோனியாவைப் பாக்டீரியா மாற்றும்போது இடையில் வரும் இன்னொரு நஞ்சு) சோதனையில் பூஜ்யமாக வந்தபின் மற்றவற்றை விடலாம். வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுவது நல்ல பழக்கம். நம் குளத்தில் அது 200 லிட்டர், கரைக்கோட்டிலிருந்து 5 சென்டிமீட்டர் இறக்கி நிரப்பினால் முடிந்தது. ஆவியான தண்ணீருக்குப் பதில் ஊற்றுவது தண்ணீர் மாற்றியதாக ஆகாது. அழுக்கும் உப்பும் உள்ளேயே இருக்க, நீங்கள் மேலும் மேலும் உப்பைச் சேர்க்கிறீர்கள்.

பம்பைப் பற்றி இரண்டு வரி போதும். குளத்து நீர் முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது ஃபில்டர் வழியாகப் போய்வர வேண்டும், அதாவது மணிக்கு 1,000 லிட்டர். ஆனால் பம்பின் பெட்டியில் எழுதியிருப்பது தண்ணீரை மேலே ஏற்றாமல் தள்ளும்போது கிடைக்கும் அளவு. ஃபில்டரோ அருவியோ எத்தனை அடி உயரத்தில் இருக்கிறதோ, அந்த உயரத்துக்கு என்ன வரும் என்று அதன் அட்டவணையில் பார்த்து வாங்குங்கள்.

இப்போது கோய்க்கு வருகிறேன். கோய் வளர்ப்பவர்கள் பொதுவாகச் சொல்வது மீன் ஒன்றுக்கு குறைந்தது 1,000 லிட்டர், ஆழம் 4 அடி. 500 லிட்டர் என்று எங்கே படித்தீர்களோ, அது குட்டிக்கான கணக்காக இருக்கும். உங்களிடம் இருக்கும் இடம் 10 அடிக்கு 6 அடி, அதை மாற்ற முடியாது. மாற்றக்கூடியது சரிவும் ஆழமும்தான். கரையைக் கிட்டத்தட்ட செங்குத்தாக இறக்கி அடித்தளத்தை 9 அடிக்கு 5 அடியாக வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். மேல்பரப்பு அதே 47.1, நடு 41, அடி 35.3. ஆறால் வகுக்கும் கணக்கில் சராசரி 41.1 சதுர அடி. ஆழம் 3 அடியாகவே இருந்தாலும் 3,490 லிட்டர், மேல் நாலு அங்குலத்தைக் கழித்தால் 3,050. வெளியிலிருந்து பார்த்தால் அதே குளம், உள்ளே முன்பு 2,175 இருந்த இடத்தில் ஏறக்குறைய 900 லிட்டர் கூடுதல். இதையே 4 அடி ஆழமாக்கினால் 4,650, கழித்தது போக 4,200. கல்லும் தொட்டியும் வைக்காமல் வெறுமையாக விட்டால், நல்ல ஃபில்டரோடு நாலு கோய். பத்து கிடையாது.

செங்குத்தான கரை எல்லா மண்ணிலும் நிற்காது. கெட்டிக் களிமண் நிற்கும், மணல் சரியும். மணல் கலந்த மண் என்றால் செங்கல்லோ கான்கிரீட்டோ கட்டாமல் 4 அடி இறங்காதீர்கள், தோண்டுகிறவர் மேலேயே சரியலாம். செங்குத்துக் கரையில் ஒரு லாபம், கொக்கு உள்ளே இறங்கி நின்று மீன் பிடிக்க முடியாது. ஒரு கவலையும் உண்டு: குழந்தை விழுந்தால் தானாக ஏறி வர முடியாது. வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால், அல்லது வந்துபோவார்கள் என்றால், வேலியோ கம்பி வலையோ போட்ட பிறகுதான் தண்ணீர்.

தோண்டும் மண்ணுக்கும் இடம் யோசித்து வையுங்கள். தோண்டியபின் மண் உதிர்ந்து கால் பங்கு உப்பும். 164 கன அடிக் குழியிலிருந்து 200 கன அடிக்கு மேல் மண் குவியும். இடையில் யாராவது 'இதையே மாடியில் வைத்தால் என்ன?' என்று கேட்டால், 4 அடித் தண்ணீர் ஒரு சதுர மீட்டருக்கு 1,200 கிலோ என்று மட்டும் சொல்லுங்கள்.

அடியில் விரிக்கும் லைனர் தாளுக்கு அளவு இப்படி: நீளத்தோடு ஆழத்தை இரண்டு முறை கூட்டி, இரு பக்கமும் மடிக்க ஓர் அடி வீதம் 2 அடி சேர்க்க வேண்டும். அகலத்துக்கும் அப்படியே. 3 அடிக் குளத்துக்கு 18 அடிக்கு 14 அடி, 4 அடிக் குளத்துக்கு 20 அடிக்கு 16 அடி. வளைவான குளத்துக்கும் இதே கணக்குத்தான், மீதி மடிப்பில் போய்விடும். குழியைத் தோண்டி முடித்து, டேப்பைக் குழிக்குள் இறக்கி இன்னொரு முறை அளந்தபிறகே தாளை வாங்குங்கள்.